தொரட்டிக்காரர் பதில்கள்

போன இதழில் ‘ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள்’ என்று ஆசிரியர் ஒரு மூலையில் நாலு வரி போட்டிருந்தார். அதற்கு வந்த கடிதங்களைப் பேத்தி மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வந்தாள். அவள் வாசித்தாள், நான் சொன்னேன், அவளே எழுதினாள். எழுத்துப் பிழை இருந்தால் அவள் கணக்கு, ஆட்டுப் பிழை இருந்தால் என் கணக்கு. எனக்கு வயது 67. பேரையூருக்கும் சாப்டூருக்கும் நடுவில் ஒரு கிராமம். அப்பா கீதாரி, செம்மறி மந்தையை ஊர் ஊராக நடத்திப் போய் ராத்திரியில் எருவுக்காக வயலில் அடைத்துக் கிடை போடுகிறவர்களுக்குத் தலைவர். 13 வயதில் நான் அவர் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். இப்போது கிடை இல்லை. 42 வெள்ளாடும், கிளையை வளைத்து இழுக்கிற கொக்கிக் கம்பு, ஒரு தொரட்டியும்தான்.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டுப் பரண் கொட்டகை போட்டு 25 வெள்ளாடு வாங்கியிருக்கிறேன். கோ-4 என்கிற தீவனப் புல்லை நறுக்கிப் போடுகிறேன். முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கின்றன. குறை ஆட்டிலா, புல்லிலா?
— ஒத்தக்கடை வாசகர்

இரண்டிலும் இல்லை, தம்பி. மாட்டுக்கு வைக்க வேண்டியதை ஆட்டுக்கு வைக்கிறீர்கள். செம்மறி குனிந்து மேயும், வெள்ளாடு நிமிர்ந்து மேயும். ஒருநாள் முழுக்க ஒரு வெள்ளாட்டுக்குப் பின்னால் நடந்து பாருங்கள். கிளுவை வேலியில் இரண்டு வாய் கடிக்கும். கருவேல நெற்று உதிர்ந்து கிடந்தால் நாலைந்தைப் பொறுக்கும். அப்புறம் முன்னங்காலைத் தூக்கி மரத்தில் ஊன்றி வேப்பங்கொழுந்தை ஓர் இழுப்பு இழுக்கும். அங்கிருந்து வேலிப்பருத்தி, பூவரசு என்று போய்க்கொண்டே இருக்கும். எதையும் வயிறு முட்ட ஒரே இடத்தில் நின்று தின்னாது. நுனிப்புல் மேய்கிறான் என்று மனுஷனைத் திட்டுகிறோம். ஆட்டுக்கு அதுதான் புத்தி. குடற்புழுக்கள் பனி ஈரத்தில் புல்லின் அடித்தண்டில்தான் ஏறிக்கிடக்கும். அதனால்தான் எங்கள் வீட்டில் பனி காயும் முன்னே பட்டியைத் திறக்கமாட்டோம்.

உங்களுக்கு வழி: புல்லைக் குறைத்து அகத்தி, வேலிமசால், முருங்கை, கிளுவை என்று கலந்து கொடுங்கள். சவுண்டல் நல்ல தழைதான், ஆனால் அதையே முழு வயிற்றுக்கும் போடாதீர்கள், முடி கொட்டும். தழையைத் தரையில் போடவே கூடாது. ஆட்டின் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். கீழே விழுந்து ஒரு கால் பட்டுவிட்டால் அதை வெள்ளாடு மறுபடி தொடாது, அவ்வளவு கௌரவம். பரணில் நல்லதும் உண்டு. புழுக்கை கீழே விழுந்துவிடும், கால் நனையாது. ஆனால் நடக்காத ஆட்டுக்குக் குளம்பு வளர்ந்து வளையும், அதை நறுக்கிவிட ஆள் பழக வேண்டும். முடிந்தால் சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது ஒத்தக்கடைப் பக்கம் ஏதாவது கண்மாய்க்கரைக்கு ஓட்டிப் போங்கள். உங்களுக்கும் நல்லது. கடிதத்தில் முதுகுவலி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குச் சோழவந்தான் பக்கம் 3 ஏக்கர் நஞ்சை. ஆட்டுக்கிடை போட்டால் உரமே வேண்டாம் என்கிறார்கள். யாரைப் பார்ப்பது, எப்படிப் பேசுவது?
— சோழவந்தான் வாசகர்

உங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகப் பாசனம். தாளடி அறுத்து முடித்ததும், இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துக் கிடைகள் வைகைக் கரையைப் பார்த்து நடந்து வரும். அறுப்பு முடிந்த வயலில் பகலில் தாளும் வரப்புப் புல்லும் மேயும், ராத்திரி அங்கேயே அடையும். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் திறந்ததும் கிளம்பிவிடும். மழைக்காலத்தில் நஞ்சைச் சேற்றில் செம்மறி நிற்காது, மானாவாரிக் காட்டுக்குத் திரும்பிவிடும். எங்கள் வருஷம் இப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

ஒரு கிடை என்பது ஒரே வீட்டு ஆடு இல்லை. நாலைந்து குடும்பத்து ஆடு சேர்ந்திருக்கும். அதில் டவுன்காரர்கள் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்ட ஆடும் இருக்கும். பிறக்கிற குட்டியில் பாதி ஆட்டுக்காரருக்கு, பாதி மேய்ப்பவருக்கு. இத்தனை பேருக்கும் சேர்த்துப் பேசுகிற ஆள்தான் கீதாரி. எங்கே தண்ணீர் இருக்கிறது, எந்த ஊரில் யாரிடம் பேச வேண்டும், எந்த வழியில் போனால் ஆடு பயிரில் வாய் வைக்காது என்பதெல்லாம் அவர் தலையில்தான். அவரை டீக்கடையிலோ கண்மாய்க் கரையிலோ பிடிக்கலாம். ஆட்டைப் பிடித்தால் ஆள் தானாக வருவார்.

கூலி ராத்திரிக் கணக்கு. ஆட்டுத் தொகையைப் பார்த்துப் பேசுவார்கள். அப்பா காலத்தில் நெல்லாகத்தான் வந்தது, இப்போது ரூபாய். அதோடு ராத்திரிச் சோற்றுக்கு அரிசி கொடுப்பது பழைய மரியாதை, அதை விட்டுவிடாதீர்கள். பேச்சு மட்டும்தான், எழுத்து கிடையாது. என் அப்பா 30 வருஷத்துக்கு மேல் கிடை போட்டார். கூலி தராமல் ஏமாற்றியவர் என்று இரண்டே பேரைத்தான் சொல்லுவார். இரண்டு பேரும் சொந்தக்காரர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்திருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மருந்து பட்ட வரப்புப் புல்லைத் தின்று ஒரே நாளில் கிடை காலியானதை நான் பார்த்திருக்கிறேன். குடிதண்ணீர் எங்கே என்று காட்டுங்கள். வலை கட்டி அடைத்த இடத்திலேயே விடிய விடியப் போட்டுவைக்காமல், நடுராத்திரி ஒருதரம் கிடையை எழுப்பி அடுத்த துண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். நல்ல கீதாரியாக இருந்தால் நீங்கள் சொல்லாமலேயே செய்வார். ஒரு செம்மறி ஒரு ராத்திரிக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை புழுக்கை போடும். அதைவிட மூத்திரம் பெரிசு. அது மண்ணில் இறங்கிவிடும், ஆனால் மறுநாள் வெயிலில் வாடையாகப் பறந்தும் போய்விடும். கிடை எழுந்ததும் ஒரு சால் உழுது மூடிவிடுங்கள். சும்மா போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து டிராக்டர் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்’ என்பார்கள். போட்ட போகத்திலேயே பயிர் கரும்பச்சையாகக் கறுப்புக் கட்டுவது தெரியும். உரமே வேண்டாமா என்றால், மூன்று ஏக்கர் முழுக்கவும் கிடை சுற்றி வந்தால் உர மூட்டையைப் பாதிக்குமேல் குறைக்கலாம். முழுக்க விட்டுவிடலாம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

ஒரு விஷயம். கிடை வரவில்லை என்று நிறையப் பேர் குறைப்படுகிறார்கள். வர வழி இருந்தால் வரும். எங்கள் காலத்தில் வண்டிப் பாதை, ஓடை, கண்மாய்க் கரை, மந்தை என்று தொட்டுத் தொட்டே சோழவந்தான் வரைக்கும் வந்துவிடுவோம். மேய்ச்சலுக்கென்று விட்ட பொது நிலம் மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்த்தால் பிளாட் கல் நட்டிருக்கிறது. நான்குவழிச் சாலையில் 400 ஆட்டைக் குறுக்கே கடத்துவது எப்படி என்று எந்தக் கீதாரிக்கும் அப்பா சொல்லித்தரவில்லை. இப்போது லாரி பிடித்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அந்த வாடகையும் சேர்ந்துதான் உங்கள் ராத்திரிக் கூலி.

கச்சைகட்டி ஆடு என்பது வெள்ளாட்டில் ஒரு ரகமா?
— வாடிப்பட்டி வாசகி

பக்கத்து ஊரை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா தாயி! கச்சைகட்டி கருப்பு, செம்மறி. கட்டுக்குட்டான உடம்பு, கறுகறு என்று இருக்கும். கிடாமுட்டுக்கு வளர்ப்பார்கள். தனி இனம் என்று அரசாங்கப் பதிவிலேயே ஏறியிருக்கிறது, ஆனால் ஆடு குறைவு. வெள்ளாட்டில் நம் தெற்கத்திப் பக்கம் பேர்பெற்றவை கன்னியும் கொடியும். கன்னி கருப்பாக இருக்கும், நெற்றியிலிருந்து மூக்குவரை இரண்டு கோடு இறங்கும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செவலையாக இருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டி அதற்குச் சாதாரணம். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் செங்கன்னிக் கலப்பு. சுத்தக் கன்னி என்று சொல்லி விற்றால் நாலு காசு கூட வரும், ஆனால் பேத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

திருமங்கலம் சந்தையில் ‘ஒரு வயசுக் குட்டி’ என்று சொல்லி ஒரு தரகர் தலையில் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வயிறு பாதியாகிவிட்டது, வாயில் பார்த்தால் நாலு பெரிய பல். இனிமேல் ஏமாறாமல் வாங்குவது எப்படி?
— கப்பலூர் வாசகர்

வெள்ளிக்கிழமை விடியுமுன் போனீர்களா? ஏழு மணிக்குப் போகிறவருக்கு எங்களைப் போன்றவர்கள் வேண்டாமென்று விட்ட ஆடுதான் மிஞ்சும்.

வயிறு பாதியானதற்குக் காரணம் உப்புத் தண்ணீர். முதல்நாள் ராத்திரி தவிட்டில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுப்பார்கள். காலையில் தாகத்தில் குடம் குடமாகக் குடித்துவிட்டு உருண்டையாகச் சந்தைக்கு வந்து நிற்கும். அதனால் வயிற்றைப் பார்க்காதீர்கள். முதுகெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு முள்ளாகத் தட்டினால் உடம்பு இல்லை.

வயசுக்குப் பல்லைப் பாருங்கள். கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பல் இருக்கும், எட்டு. எல்லாம் சின்னப் பாற்பல்லாக இருந்தால் ‘பல் போடாதது’, ஒரு வயசு ஒட்டி. நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ‘ரெண்டு பல்’, ஒன்றேகால் ஒன்றரை வயசு. அப்புறம் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு ஜோடி. எட்டும் மாறிவிட்டால் ‘கடை சேர்ந்தது’, நாலு வயசு. அதற்கு மேல் பல் இடைவெளி விட்டு, தேய்ந்து, விழ ஆரம்பித்தால், அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி வயசு. உங்களுக்குக் கிடைத்தது ‘நாலு பல்’ என்று கடிதத்திலேயே தெரிகிறது, குறைந்தது இரண்டு வயசு இருக்கும்.

தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அது தெரியாமல் கையை உள்ளே விடாதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கமில்லை. அப்புறம், ஆடிக்கும் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் வளர்ப்புக்கு ஆடு வாங்கவே போகாதீர்கள். அது கறிக்கு வாங்குகிறவர்களின் வாரம், விலை அவர்கள் கையில்.

ஐப்பசி மழைக்குப் பிறகு நன்றாக இருந்த குட்டிகள் திடீரென்று துள்ளி விழுந்து செத்துப்போகின்றன. கண்ணேறு என்கிறார் மாமியார்.
— டி.கல்லுப்பட்டி வாசகி

மாமியாரை விட்டுத்தள்ளுங்கள், ஆனால் அவர் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கொழுகொழுவென்று இருக்கிற குட்டிதான் முதலில் விழும். அதனால்தான் ‘கண் பட்டுவிட்டது’ என்பார்கள். அது துள்ளுமாரி. மழை பெய்து இளம்புல் முளைத்ததும் பசியோடு இருந்த குட்டி வயிறு நிறைய அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே குடலில் இருக்கிற கிருமி அந்தத் தீனியில் பெருகி விஷத்தைக் கக்கும். காலையில் துள்ளும், மத்தியானம் இருக்காது. மருந்து கொடுக்க நேரமே தராது. மழைக்கு முன்னால் ஊசி போட்டுவிடுவது ஒன்றுதான் வழி. மழைக்குப் பின் ஒரு பத்து நாளாவது காய்ந்த தீனி கொஞ்சம் கொடுத்துவிட்டு அப்புறம் மேய விடுங்கள்.

எனக்கே நடந்தது. ஒரு வருஷம் நானே ஊசிமருந்தை ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரர் ஐஸ் இல்லாமல் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நானும் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு உச்சிவெயிலில் 18 கிலோமீட்டர் மிதித்து வந்தேன். பாதித் தப்பு அவருடையது, பாதி என்னுடையது. ஊசி போட்டாயிற்று என்று நம்பி விட்டேன். அந்த ஐப்பசியில் 11 குட்டி. இப்போது யார் தடுப்பூசி கொண்டுவந்தாலும் முதலில் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். டாக்டரம்மா சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. எங்கள் ஊருக்கு வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தது, ஆனால் வந்தது.

அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் தோல் பை எந்த ஆட்டுத்தோல்?
— தல்லாகுளம் வாசகர்

ஆட்டுத்தோல்தான். வெள்ளாட்டுத்தோல் தடிப்பு, இழுவை தாங்கும். செம்மறித்தோல் மெல்லிசு, சீக்கிரம் கிழியும். நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். நடுவில் பிரஷர் பம்பு வைத்து அடித்தார்கள், ஒரு வருஷம் என் காதுக்குள்ளேயே போயிற்று.

காட்டுக்குள் ஆடு மேய்க்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டதாமே? ஆடு காட்டை அழிக்கும் என்பது உண்மையா?
— உசிலம்பட்டி வாசகர்

2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அப்புறம் அதைத் திருத்தி சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. எங்களுக்கு அந்தத் திருத்தத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. எங்கள் தலைமாட்டில் இருக்கும் சாப்டூர்க் காடு முதலில் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். எப்படித் திருப்பிப் போட்டாலும் நாங்கள் வெளியே.

2006-ஆம் வருஷ வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமை உண்டு, நடந்து திரிகிற மேய்ப்பர்களுக்கும் உண்டு என்று எழுதியிருக்கிறது. பழங்குடி இல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, 75 வருஷம் அந்தக் காட்டை நம்பி இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அப்பா மேய்ச்சலுக்குப் பணம் கட்டிய ரசீதுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். திறந்து பார்த்தேன். பெட்டி இருந்தது, உள்ளே கரையான் மண்.

ஆடு காட்டை அழிக்குமா? ஒரே இடத்தில் நூறு வெள்ளாட்டை ஆறு மாசம் விட்டால் அழிக்கும், அதில் பொய் சொல்லமாட்டேன். கன்றுகளைக் கடித்துவிடும். தொரட்டியால் கிளையை முறிக்கிறவனும் இருக்கிறான். எங்கள் அப்பா கிளையை முறிக்க விடமாட்டார், சிம்பை மட்டும் வளைத்து இழுக்கச் சொல்லுவார், அடுத்த வருஷமும் அந்த மரத்தடிக்கு வர வேண்டும் என்பதால். இன்று நடக்க இடம் சுருங்கச் சுருங்க, இருக்கிற இடத்தில் மிதி அதிகமாகிறது. அதைப் பார்த்துவிட்டு ‘பார், ஆடு அழிக்கிறது’ என்கிறார்கள். காட்டில் ஆடு தொடாத செடியும் இருக்கிறது. ஆடாதொடை, ஆடுதீண்டாப்பாளை, இரண்டுக்கும் பேரிலேயே சாட்சி.

சரியாகப் படிக்காத பிள்ளையை ‘நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று எங்கள் வகுப்பில் சொல்கிறார்கள். கேட்டால் உங்களுக்குக் கோபம் வராதா?
— 9-ஆம் வகுப்பு மாணவி, திருநகர்

வராது, தாயி. பழகிவிட்டது. அப்படிச் சொல்கிறவரை ஒருநாள் என்னோடு அனுப்பிவை. 42 ஆட்டில் எது சினை, எது எந்தக் கிடாவுக்குப் பிறந்தது, எது நேற்று ஒரு வாய் குறைத்துத் தின்றது என்று சாயங்காலம் பட்டி அடைக்கும்போது அவர் எனக்குச் சொல்ல வேண்டும். எண்ணுவதற்கு எண்ணிக்கையே வேண்டாம், முகம் பார்த்தாலே எது வரவில்லை என்று தெரிய வேண்டும். உங்கள் தமிழ் ஆசிரியரிடம் கலித்தொகையில் முல்லைக்கலியை எடுத்துக் காட்டச் சொல். பசு மேய்த்த ஆயர், எருமை மேய்த்த ஆயர், ஆடு மேய்த்த ஆயர் என்று தனித்தனியாகவே பேர் வைத்திருப்பார்கள். எங்கள் பேர் அதில் புல்லினத்தாயர். இதை எனக்குச் சொன்னது பேத்தி, அவள் எம்.ஏ. தமிழ்.

ஆனால் ஒன்று. நீ படி.

ராத்திரி கிடையில் பயமாக இருக்காதா? மழை பெய்தால் எங்கே தூங்குவீர்கள்?
— 4-ஆம் வகுப்பு மாணவன், வில்லாபுரம்

நரிக்கும் நாய்க்கும்தான் பயம். அதற்குக் கோம்பை நாய் ஒன்று வைத்திருந்தோம். வலைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் படுப்போம். குட்டிகள் மூங்கில் கூட்டுக்குள் இருக்கும். மழை வந்தால் சாக்கை உள்ளே மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தே விடிய வேண்டியதுதான்.

நான் முதன்முதலாகக் கிடைக்குப் போன வருஷம் சோழவந்தானுக்கு எதிர்க்கரையில், தென்கரைப் பக்கம் ஒரு வயலில் படுத்திருந்தேன். மாசி மாசம். நடுராத்திரி ‘சோ’வென்று சத்தம். அடித்துப் பிடித்து எழுந்து கொங்காணியை மாட்டிக்கொண்டு ‘அப்பா, மழை, மழை’ என்று கத்தினேன். வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. அப்பா கிடையை மாற்றுவதற்காக ஆடுகளை எழுப்பிவிட்டிருந்தார். படுத்திருந்த செம்மறி எழுந்ததும் முதல் வேலையாக மூத்திரம் பெய்யும். 400 ஆடும் ஒரே நேரத்தில் பெய்தால் அந்தச் சத்தம்தான். மறுநாளிலிருந்து கிடையில் எல்லோரும் என்னை ‘மழைக்காரன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வாரமே நிஜமாகக் கோடைமழை வந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை. பாயோடு நனைந்துவிட்டேன்.